ஒரே ஊசி

காலை ஆறு மணிக்கு முதல் தடவை போன் அடித்தது. பாஸ்கல் எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தபடி, அது அடித்து ஓய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. அப்புறம் மறுபடி. நாலாவது தடவை கையை நீட்டி, யார் என்றுகூடப் பார்க்காமல், சத்தத்தை அமுக்கித் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டான். அங்கிருந்தும் அது உறுமிக்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் அந்த உறுமலும் பழகிவிட்டது.

இப்படிப் படுத்து ஐம்பது நாளுக்கு மேல் ஆகிறது. முதல் வாரம் காய்ச்சல் என்று சொன்னான். இரண்டாவது வாரம் முதுகுவலி என்றான். மூன்றாவது வாரத்திலிருந்து யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மனைவி இன்பமேரி ஒருநாள் வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு டாக்டர் பத்து நிமிஷம் பேசிவிட்டு இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது. விழித்த பிறகு செய்வதற்கு ஒன்றையும் கொடுக்கவில்லை. ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் ஆரோக்கிய ஜெனிபர் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று, "அப்பா, போயிட்டு வர்றேன்" என்று அறையைப் பார்த்துச் சொல்வாள். பதில் வராது என்று தெரிந்த பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

பாஸ்கல் கால்நடை மருந்தகத்தில் உதவியாளன். வீடு வில்லியனூரில், மாதா கோயிலுக்குப் பின்னால். வேலை ஊசுட்டேரிக்கு மேற்கே, பத்துக்கண்ணு தாண்டி உள்ளே போனால் வருகிற நாலைந்து ஊர்களில். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பக்கத்து மாடுகள் அவன் கையில்தான் வளர்ந்தன. டாக்டர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். கம்பவுண்டர் மட்டும் மாறவில்லை. எந்த வீட்டு மாடு பின்னங்காலால் உதைக்கும், எது தடவிக் கொடுத்தால் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும், எந்தக் கிடேரிக்கு இரண்டு தடவை சினை ஊசி போட்டும் கரு நிற்கவில்லை என்பதெல்லாம் நோட்டைப் பார்க்காமலே சொல்வான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால்கூடப் பிரசங்கத்தின் நடுவே போன் வந்து வெளியே ஓடுவான். இன்பமேரி தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அவன் போகிற வேகத்தைப் பார்த்து உள்ளூர ஒரு பெருமையும் உண்டு அவளுக்கு.

அதெல்லாம் போன ஐப்பசி வரைக்கும்.

ஐப்பசியில் மாடுகளுக்கு அம்மை வந்தது. உடம்பு முழுக்கக் கழலை கழலையாகப் புடைத்து, கால் வீங்கி, வாயில் நீர் ஒழுகி, தீனி எடுக்காமல் நின்றபடியே வற்றிப்போகும் நோய். பக்கத்து மாவட்டங்களில் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட உடனே தடுப்பூசி வந்து இறங்கியது. தெருத் தெருவாக முகாம் போட்டார்கள். மருந்தகத்து டாக்டர் அரிகரன் ஒரு ஊருக்கு, பாஸ்கல் ஒரு ஊருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

மேட்டுத்தெரு முகாமுக்கு அறுபது மாடு வரும் என்று கணக்குப் போட்டு, அறுபது ஊசி எடுத்துப்போயிருந்தான் பாஸ்கல். ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி. குத்தியதும் கழற்றி டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஆனால் வந்தது தொண்ணூறு. அறுபதாவது ஊசி தீர்ந்தபோது வானம் கறுத்து இறங்கிவிட்டது. வரிசையில் இன்னும் முப்பது மாடு நின்றது.

"மிச்சத்துக்கு நாளைக்குப் போடறேன்பா" என்று சொல்லித்தான் பார்த்தான்.

"நாளைக்கா? நடவு நேரத்துல நாளைக்கு எவன் புடிச்சினு வந்து நிப்பான் கம்பவுண்டரே? இன்னா வெளையாட்டா?" என்று வரிசையில் நின்ற சுப்பராயலு சத்தம் போட்டார். பின்னாலிருந்து நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

பாஸ்கலுக்கும் களைப்பு. அதற்கு முன் பதினெட்டு நாள் லீவே இல்லாமல் அலைந்திருந்தான். இன்னொரு நாள் இதே தெருவுக்கு வரவேண்டுமே என்று நினைத்தபோதே கால் கெஞ்சியது. கையிலிருந்த கடைசி ஊசியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தான். அடுத்த மாட்டுக்குக் குத்தினான். மறுபடி துடைத்தான், மறுபடி குத்தினான். முப்பது மாட்டுக்கும் அந்த ஒரே ஊசி. அந்த வரிசையில் ஐந்தாவதாக நின்றது சுப்பராயலு வீட்டு மாடு. அதன் கழுத்தைப் பிடித்தபோது உள்ளங்கை சுட்டது. வெயிலில் நின்றதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அன்றைக்கு வெயிலே இல்லை. அது காய்ச்சல் சூடு என்று அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மேட்டுத்தெருவில் கழலை தெரிந்தது. ஒரு மாதத்துக்குள் பதினோரு மாடு செத்தது. கொம்யூன் பஞ்சாயத்து ஜேசிபி வந்து ஏரிப் புறம்போக்கில் குழி வெட்டியது. சுண்ணாம்பு கொட்டி மூடும்போது ஒவ்வொரு தடவையும் பாஸ்கல் பக்கத்தில் நின்றான். மற்றத் தெருக்களிலும் நோய் வந்தது, அங்கேயும் சில மாடுகள் செத்தன. அதனால் அந்த ஒரே ஊசியின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தடுப்பூசி போட்டதால்தான் செத்தது என்று இரண்டொருவர் கத்தினார்கள். "ஊசி போடறதுக்கு முன்னாடியே நோய் உள்ள இருந்திருக்கும், அதான் வேலை செய்யல" என்று டாக்டர் அரிகரன் பொறுமையாக விளக்கினார். பாஸ்கல் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டலுக்குப் பிறகுதான் அவனுக்குள் ஏதோ நின்றுபோனது. வேலைக்குப் போனான், வந்தான். பொங்கல் கழிந்து ஒருநாள் ஒரு மாட்டின் பக்கத்தில் ஊசியும் கையுமாக நின்றபோது கை முன்னே போகவில்லை. நடுங்கவும் இல்லை, வெறுமனே போகவில்லை. மாட்டுக்காரப் பெண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மருந்து சரியில்ல, மாத்தி எடுத்துனு வர்றேன்" என்று பொய் சொல்லிவிட்டு வந்தான். அடுத்த நாள் பத்துக்கண்ணு முனையில் வண்டியை நிறுத்தினான். நேராகப் போனால் வேலை. அவன் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, திருக்கனூர் பஸ்கள் ஆளை ஏற்றி இறக்கிப் போவதை மத்தியானம் வரைக்கும் பார்த்தான். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தான். படுத்தவன்தான்.

ஊசியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. இன்பமேரியிடம்கூட.

இன்று ஒன்பதரை மணிக்கு வாசலில் பைக் நிற்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பெண் குரல்.

"கம்பவுண்டர் வூடு இதானே?"

இன்பமேரி கம்பெனிக்கு மத்தியான ஷிப்டு போகிறவள், வீட்டில்தான் இருந்தாள். "அவருக்கு உடம்பு சரியில்லீங்க. லீவுல இருக்காரு" என்றாள்.

"தெரியும். கூப்பிடு."

பாஸ்கலுக்குக் குரல் தெரிந்தது. மேட்டுத்தெரு சின்னபொண்ணு. ஐம்பத்தைந்து வயசு, புருஷன் இல்லை, மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவள். அன்றைக்கு வரிசையில் கடைசியாக இரண்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள். இரண்டும் ஒரே வாரத்தில் போய்விட்டன. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"எழுந்துக்கவே மாட்டேங்கறாருங்க" என்று இன்பமேரி சொல்வது கேட்டது. "நானும் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டேன்."

"நான் சொல்ல வர்ல. மாடு செத்துனு இருக்குது."

அறைக் கதவு திறந்தது. சின்னபொண்ணு உள்ளேயே வந்துவிட்டாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள், கணுக்கால் வரைக்கும் சாணி. கட்டிலையும் அவனுடைய தாடியையும் மடித்துவைக்காத துணிகளையும் ஒரு பார்வை பார்த்தாள். அதில் இரக்கம் எதுவும் இல்லை.

"தலைச்சன் கிடேரி, கம்பவுண்டரே. அஞ்சு மணிக்குப் பனிக்கொடம் ஒடைஞ்சுது. ரெண்டு காலு வெளிய வந்து நிக்குது, தலை வர்ல. டாக்டரு ட்ரெயினிங்குன்னு எங்கியோ போயிக்கிறாராம். இன்னொரு டாக்டரு மத்தியானம் ஆவும்ன்றாரு. அதுவரிக்கும் தாங்காது."

"என்னால முடியாதுக்கா." சுவரைப் பார்த்தே சொன்னான். அவன் குரல் அவனுக்கே கரகரவென்று அந்நியமாக இருந்தது.

"இன்னா முடியாது?"

"கை வரமாட்டேங்குது."

"சரி" என்றாள். அறை வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "நீ வர்றவரைக்கும் நான் இங்கயே இருக்கறன். நீ வரலன்னா அது சாவட்டும். அத என் கண்ணால பாக்க வேணாம்."

அவள் கத்தவில்லை, அழவில்லை. அவளைப் பைக்கில் ஏற்றிவந்த தெருக்காரன் பக்கிரி வெளியே ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தான். இன்பமேரி கதவோரம் நின்றாள். ஐந்து நிமிஷம் போயிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் பாஸ்கலுக்கு எந்த உற்சாகமும் பிறக்கவில்லை. அவள் அங்கிருந்து எழுந்து போகவேண்டும், அவ்வளவுதான். அவள் எழுந்து போக வேறு வழி தெரியாமல்தான் எழுந்து உட்கார்ந்தான். கொடியில் கிடந்த சட்டையை இன்பமேரி எடுத்து நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

மேட்டுத்தெரு போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். மாட்டுக்கொட்டாயில் கிடேரி ஒருக்களித்துப் படுத்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. பக்கத்து வீட்டுக் காசம்மாள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாலுக்கடியில் இரண்டு குளம்பு நீட்டிக்கொண்டிருந்தது, காய்ந்து போய்.

பாஸ்கல் கையை முழங்கைக்கு மேலே சோப்புப் போட்டுக் கழுவினான். விளக்கெண்ணெய் கேட்டான், காசம்மாள் வீட்டிலிருந்து வந்தது. டாக்டர் அரிகரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னான். "நீங்களா பாஸ்கல்?" என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு, "சொல்லுங்க, என்ன தெரியுது?" என்றார்.

கையை உள்ளே விட்டான். போகவே போகாது என்று நினைத்திருந்த கை, கேட்காமலே போனது. அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. அவனுடையது அல்லாத ஏதோ ஒன்று வேலை செய்வதுபோல இருந்தது.

"கழுத்து இடது பக்கம் மடங்கிக் கிடக்குது சார். மூஞ்சி விலாவப் பார்த்து இருக்குது."

"கன்னு உயிரோட இருக்கா?"

கண்குழியில் விரல் வைத்து மெல்ல அழுத்தினான். நாக்கைத் தேடிப் பிடித்து இழுத்துப் பார்த்தான். நாக்கு தடித்துக் குளிர்ந்து, இழுத்த இடத்திலேயே நின்றது.

"இல்ல சார்."

"அப்ப தாயைக் காப்பாத்துங்க" என்றார் டாக்டர்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் அவன் தோளும் கையும் தவிர வேறொன்றும் இல்லை. முக்கல் ஓய்கிற இடைவெளியில் கன்றை உள்ளே தள்ளவேண்டும், இடம் கிடைத்ததும் தலையைத் திருப்பவேண்டும், அதற்குள் கிடேரி மறுபடி முக்கி அவன் கையை இடுப்பெலும்போடு வைத்து நசுக்கும். விரல்கள் மரத்தன. இரண்டு தடவை தாடை கைக்குச் சிக்கி வழுக்கியது. மூன்றாம் தடவை கீழ்த்தாடையில் கயிற்றுச் சுருக்கைப் போட்டான். "பக்கிரி, நான் சொல்லும்போது மட்டும் இழு. இழுக்காத, இழுக்காத... இப்ப." தலை திரும்பி வந்தது. அப்புறம் மூன்று பேருமாக, கிடேரி முக்குகிற நேரம் பார்த்து இழுத்தார்கள். பதினொன்றே முக்காலுக்குக் கன்று வந்து விழுந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டைக்கன்று. மயிர் நனைந்து ஒட்டி, நல்ல வளர்த்தி.

கிடேரி தலையைத் திருப்பி அதை நக்கப் பார்த்தது. சின்னபொண்ணு கன்றை இழுத்துப்போய்ச் சாக்கால் மூடினாள். மூடிவிட்டு, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னாள்:

"ஏழு மணிக்கெல்லாம் அந்தக் காலு ஒதறிச்சு. நான் புடிச்சுப் பாத்தேன். உசுரு இருந்துது."

பாஸ்கல் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"ஆறு மணியிலருந்து ஒனக்குப் போன் அடிச்சேன். பதினோரு வாட்டி அடிச்சேன்."

தண்ணீர் கையில் விழுந்துகொண்டே இருந்தது. அவன் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளியதும், அது அங்கிருந்து உறுமியதும், அது பழகிப்போனதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இதுவரை அவனுக்கு ஒரே ஒரு நிம்மதி இருந்தது. எதையும் தொடாமல் படுத்துக் கிடந்தால் எதுவும் தன்னால் சாகாது என்கிற நிம்மதி. அதுவும் இப்போது போய்விட்டது.

நஞ்சுக்கொடி விழுந்ததா என்று பார்த்தான். கிடேரிக்கு ஊசி போட்டான், குளுக்கோஸ் ஏற்றினான். பக்கிரியும் காசம்மாளும் கன்றைப் புதைக்கக் கொல்லைப்பக்கம் தூக்கிப் போனார்கள். கொட்டாயில் அவனும் சின்னபொண்ணும் மட்டும் இருந்தார்கள்.

"யக்கா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

சொன்னான். அறுபது ஊசி எடுத்துவந்தது, தொண்ணூறு மாடு நின்றது, மழை இருட்டியது, ஒரு மாட்டின் கழுத்து சுட்டது, ஒரே ஊசியால் முப்பது மாட்டுக்கும் குத்தியது. ஐந்து மாதமாக வாய்க்குள் வைத்திருந்தது, சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்தபடியே கேட்டாள்:

"என்னுது ரெண்டும் கடைசியில இல்ல நின்னுது?"

"ஆமாக்கா. இருபத்தொம்பது, முப்பது."

"இத இன்னாத்துக்கு இப்ப எங்கிட்ட சொல்ற?"

அவன் கிடேரியின் கழுத்தைப் பிடித்து, ஏறுகிற ஊசி நகராமல் பார்த்துக்கொண்டான்.

"நீ எறக்கி வெச்சிட்டு லேசாப் பூடுவ. நான் எங்க கொண்டுபோய் எறக்கி வெக்கிறது? இந்தத் தெருவுல பதினோரு மாடு போச்சு. அத்தினி வூட்டு மூஞ்சியிலயும் நான் தெனம் முழிக்கணும். சுப்பராயலு பொண்டாட்டி இன்னும் அந்த மாட்டு மணிய வாசல்ல மாட்டி வெச்சிருக்கறா. அவகிட்டப் போய் நான் இன்னா பேசுவேன், இனிமே?"

"நான் லேசாவுலக்கா."

"ஆவக்கூடாது." அவள் குரல் உடைந்தது அந்த ஒரு சொல்லில் மட்டும்தான். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "மன்னிப்பு கின்னிப்புன்னு எங்கிட்டக் கேக்காத. எனக்கு அதெல்லாம் வராது. இதுக்கு எத்தினி நாளைக்கு ஊசி போடணும்?"

"அஞ்சு நாளு."

"நாளைக்கு வந்து போடு." கொஞ்சம் பொறுத்து, அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "புது ஊசியா எடுத்துனு வா."

அன்று சாயங்காலம் பாஸ்கல் வீட்டுக்கு வந்து அதே கட்டிலில்தான் படுத்தான். கையெல்லாம் கன்றிப்போய் மடக்க முடியவில்லை. ராத்திரி இன்பமேரி ஷிப்ட் முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். அவள் அவன் காலடியில் உட்கார்ந்து கேட்டாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டாள். கோபமா, வருத்தமா என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் நாள் போனான். சின்னபொண்ணு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் உறையைக் கிழித்துப் புது ஊசியை எடுப்பதைக் கடைசிவரை பார்த்தாள். போட்டான். திரும்பி வந்தான். மூன்றாம் நாளும் அப்படித்தான். கன்று இல்லாததால் கிடேரி பால் இறக்க மறுத்தது. அவள் வெந்நீர் ஒற்றி, மடியைத் தடவித் தடவிக் கறந்துகொண்டிருந்தாள்.

நாலாம் நாள் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. போகவேண்டும் என்று தெரியும், ஏன் போகவேண்டும் என்றும் தெரியும். ஆனால் உடம்பு பாயோடு பாயாகக் கிடந்தது. ஒரு வாரம் வெளியே போய் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவன் நம்பியிருந்தால் அந்த நம்பிக்கை அன்றைக்குச் செத்திருக்கும். நல்லவேளை, அப்படி எதையும் அவன் நம்பவில்லை. பதினோரு மணிக்குப் போன் அடித்தது. திரையைப் பார்த்தான். எடுத்தான்.

"மாடு நின்னுனு இருக்குது" என்றாள் சின்னபொண்ணு.

"வர்றேன்க்கா."

"எப்போ?"

"தெரியல. ஆனா வர்றேன்."

சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தான். இன்னா இவ்ளோ நேரம் என்று திட்டினாள். திட்டட்டும் என்று நின்றான்.

ஐந்தாம் நாள் ஊசி போட்டு முடித்ததும் அப்படியே மருந்தகத்துக்கு வண்டியை விட்டான். டாக்டர் அரிகரன் ட்ரெயினிங்கிலிருந்து திரும்பியிருந்தார். முப்பது வயசு தாண்டாதவர். பாஸ்கலைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "வாங்க, வாங்க. ஜாயின் பண்றீங்களா?"

"மொதல்ல ஒண்ணு சொல்லணும் சார்." இரண்டாம் தடவை சொல்வதும் சுலபமாக இல்லை.

டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "கொசுவுல பரவுது, ஈயில பரவுது, உண்ணியில பரவுது. அந்த ஊசியாலதான் வந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாது பாஸ்கல்" என்றார்.

"அதால வரலைன்னு சொல்ல முடியுமா சார்?"

டாக்டர் பொய் சொல்லியிருக்கலாம். "முடியாது" என்றார்.

அந்த 'முடியாது' பாஸ்கலின் நெஞ்சில் கல்லாகத்தான் விழுந்தது. ஆனால் இத்தனை நாள் அவன் ஒருவனாகவே வைத்துக்கொண்டிருந்த கேள்வி அது. இப்போது எதிரில் இன்னொருவரும் அதைப் பார்த்துக்கொண்டு, பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"எழுதிக் குடுத்துடறேன் சார்."

"எழுதிக் குடுத்தா மேல அனுப்பணும். மெமோ வரலாம்."

"வரட்டும்."

ஒரு வெள்ளைத் தாளில் தேதி போட்டு, ஊர் போட்டு, மாடுகளின் எண்ணிக்கை போட்டு எழுதிக் கையெழுத்து வைத்தான். அது மேலே போனது. இன்றுவரை பதில் வரவில்லை. நாளைக்கே வரலாம்.

பங்குனியில் அவன் வேலைக்குத் திரும்பினான். திரும்பிவிட்டான் என்று ஊரில் சொன்னார்கள். ஆனால் அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய பாஸ்கல் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவான். இவன் ஒன்பது மணிக்குக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலுக்குச் செருப்பைப் போட்டுவிட்டு, அடுத்த காலுக்குப் போட வெகுநேரம் எடுத்துக்கொள்வான். வாரத்தில் ஒருநாள் போகவே முடிவதில்லை. அந்த நாட்களில் போனை மட்டும் எடுத்துவிடுகிறான். "இன்னிக்கு முடியல, டாக்டருக்கு அடிங்க" என்று வாய்விட்டுச் சொல்கிறான். சுப்பராயலு வீட்டைத் தாண்டும்போது வண்டியின் வேகம் தானாகக் கூடுகிறது. ஒருநாள் அங்கே நிறுத்தியாக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அந்த நாள் இன்னும் வரவில்லை. சின்னபொண்ணு தெருவில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவனோடும் மாட்டுப் பேச்சைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. கிடேரி மறுபடி பருவத்துக்கு வந்தபோது அவனைத்தான் கூப்பிட்டாள். ஏன் வேறு ஆளைக் கூப்பிடவில்லை என்று அவன் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை என்பதாகவும் இருக்கலாம்.

சித்திரை வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை ஒன்பது மாடு பார்த்தான். இரண்டு சினை ஊசி, ஒரு மடிநோய், ஒரு கால்புண், மற்றதெல்லாம் சில்லறை வியாதிகள். பத்தாவதாக ஒரு ஆட்டுக்கு வயிறு உப்பிக் கிடக்கிறது என்று போன் வந்தது. வண்டியைக் கிளப்பி, ஏரிக்கரையோரம் பாதி தூரம் போன பிறகு மணியைப் பார்த்தான். இரண்டேகால். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அடிவயிற்றில் ஏதோ பிசைந்தது. என்னவோ ஏதோ என்று முதலில் பயந்துவிட்டான். வண்டியை ஓரம் கட்டி, ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தான். பசிதான், இத்தனை மாதமாக வராதிருந்த பசி. ஆட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்று மறுபடி கிளம்பினான்.